மெட்டிக்கு மட்டும்தான் க்ளோசப்பா?

அக்கா கல்யாண ஆல்பம் வந்துடுச்சு. அம்மி மேல அவ கால், மெட்டி போடும் மாமாவோட விரல்கள். செம ஷாட், முழுப் பக்கம். (மூணு ரீடேக்!)

விடிகாலையிலிருந்து மண்டபம் முழுக்கச் செருப்பில்லாமல் ஓடிய அம்மாவின் பித்தவெடிப்புக் கால் எங்கேயும் இல்லை. ஒரு ஃபோட்டோவில் விழுந்ததையும் க்ராப் பண்ணிட்டாங்க. "அசிங்கமா இருக்கும்னு நான்தான் சொன்னேன்"னு அம்மா சிரிக்கிறாங்க.

1600-களின் தொடக்கத்தில் கரவாஜியோ, ரோமில் ஒரு தேவாலயத்துக்கு மாதா படம் வரைந்தார். அதில் மண்டியிட்டிருக்கும் யாத்ரீகரின் அழுக்கு உள்ளங்கால் நம் முகத்துக்கு நேரே இருக்கும். அன்றைக்கே அதற்குச் சலசலப்பு எழுந்தது. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்பதை அந்தக் கால்தானே சொல்கிறது?

மெட்டி ஷாட் வேணாம்னு சொல்லல. நடந்த காலுக்கும் ஒரு பக்கம் கொடுங்கன்னுதான் சொல்றேன். க்ராப் பண்ணாத ஒரிஜினலை ஃபோட்டோகிராஃபர் அண்ணாகிட்ட கேட்டிருக்கேன்.