மறைக்க வேண்டிய நோய் அல்ல!

சென்னைக் கடற்கரையில் இருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரெயில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் ஒரு நிலையத்தில் நிற்கும். அதன் பெயர் "தாம்பரம் சானடோரியம்".

சானடோரியம் என்பது ஊரின் பெயர் அல்ல. சயரோகம் என்னும் காசநோய் கண்டவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் விடுதிக்கு அந்தப் பெயர். இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் புகழ் பெற்ற டாக்டர் டேவிட் சவுரிமுத்து, தாய்நாடு திரும்பி, 1928-ம் ஆண்டில் அதைத் தொடங்கினார். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு. இவைதான் சிகிச்சை. எனவே நோயாளியை வீட்டை விட்டுப் பிரித்து அனுப்பினார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. சானடோரியம் என்றாலே மக்கள் நடுங்கினார்கள்.

மருந்து வந்து விட்டது. ஆனால், அந்த நடுக்கம் மட்டும் இன்னும் போகவில்லை!

கிருமியின் வேலை

காசநோய் சாபம் அல்ல. பரம்பரை நோயும் அல்ல. அது ஒரு கிருமியின் வேலை. 1882-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற டாக்டர் இதை உலகுக்கு அறிவித்தார். நோயாளி இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அதைச் சுவாசித்தால் அவருக்கும் தொற்றலாம்.

அப்படியானால் நோயாளியை வீட்டில் வைத்துக் கொள்ளலாமா? இந்தக் கேள்விக்கு விடை கண்டது நம் சென்னைதான்.

சேத்துப்பட்டில் நடந்த சோதனை

1956-ம் ஆண்டு சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் வாலஸ் பாக்ஸ், நம் நாட்டு டாக்டர்களுடன் சேர்ந்து அங்கே ஆராய்ச்சி நடத்தினார்.

சென்னையைச் சேர்ந்த ஏழை நோயாளிகள் 193 பேர் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டனர். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அறிய, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். சிறுநீரைக் கூடச் சோதித்தார்கள்.

வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு இல்லை. இடவசதி இல்லை. போதிய ஓய்வும் இல்லை. ஆனாலும், 1959-ல் வெளிவந்த முடிவு உலகத்தை வியக்க வைத்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணம் அடைந்திருந்தார்கள்! நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை.

பிறகு உலகம் முழுவதும் வீட்டுச் சிகிச்சை பரவியது. தாயைப் பிள்ளையிடம் இருந்து பிரிக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது.

சளி சொல்லும் உண்மை

ஆனால் மருந்து கொடுக்கும் முன்பு, நோய் இன்னது என்று தெரிய வேண்டும். இருமல் எல்லாம் காசநோய் ஆகி விடாது. எக்ஸ்ரே படத்தில் மார்பில் நிழல் தெரிந்தால் சந்தேகப்படலாம். படம் மட்டுமே போதாது. கிருமியைக் கண்டுபிடிப்பதே உறுதியான வழி.

சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீல நிறத்தின் நடுவே கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். கிருமி குறைவாக இருந்தால் இந்தச் சோதனையில் தப்பி விடும். அப்போது சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். இன்று நம் நாட்டிலேயே தயாராகும் "ட்ரூநாட்" கருவி, சில மணி நேரத்தில் கிருமியைக் காட்டுகிறது. முக்கியமான மருந்து அதன் மீது வேலை செய்யுமா என்பதையும் சொல்கிறது.

ஒளிப்பது யாருக்கு நல்லது?

சோதனை இருக்கிறது. மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இரண்டும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் உதவியும் உண்டு.

இவ்வளவு இருந்தும் பல வீடுகளில் இருமலை மறைக்கிறார்கள். "வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வருமா?" என்று தாய் அஞ்சுகிறாள். "வேலை போய் விடுமோ?" என்று தகப்பன் அஞ்சுகிறான். ஒளித்து வைத்த நோய் அந்த வீட்டுக் குழந்தையைத்தான் முதலில் தேடிச் செல்லும். சிகிச்சை பெறுகிற நோயாளியைக் கண்டு பயப்படத் தேவை இல்லை. சோதித்துக் கொள்ளாத இருமலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? மாலையில் காய்ச்சலா? உடம்பு இளைக்கிறதா? பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எச்சிலைக் கொடுக்காதீர்கள். நெஞ்சின் ஆழத்தில் இருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். காசநோய் என்று தெரிந்தால், சாதாரணமாக 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது என்று நிறுத்தி விடாதீர்கள். பாதியில் விட்டால், மீதமுள்ள கிருமி மருந்துக்கே அடங்காததாக மாறி விடக்கூடும்.

பக்கத்து வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. மருந்து சாப்பிடுகிறவரை ஒதுக்காதீர்கள். ஒதுக்கி வைப்பார்களே என்ற பயம் இருக்கும் வரை, அடுத்த நோயாளியும் இருமலை மறைக்கத்தான் செய்வார்.