கடைசி இடம் ஒரு திட்டமல்ல

“இரண்டு மூன்று வருடம் தோற்றாலும் பரவாயில்லை, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் பையன் கிடைப்பான், அணி தானாக எழுந்துவிடும்” என்கிறார்கள். என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி லீகின் எட்மன்டன் ஆயிலர்ஸை இவர்கள் மறந்தே போனார்களா? 2010, 2011, 2012 என மூன்று வருடமும் முதல் தேர்வு அவர்களுக்கே. ஆனாலும் 2007 முதல் 2016 வரை பிளேஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. 2012இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட நெயில் யாகுபோவ் 2018க்குப் பிறகு என்ஹெச்எல்லில் ஆடவேயில்லை. பழியை அவர்மீது மட்டும் போடுவது அநியாயம். பத்தொன்பது வயதில், பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்த அணியில் அவர் யாரிடம் கற்றுக்கொள்வார்?

அதே லீகின் டாம்பா பே அணி என்ன செய்தது? 2014இல் 79ஆவதாக பிரெய்டன் பாய்ண்டை எடுத்தது. உயரம் குறைவு, ஸ்கேட்டிங் போதாது என்று மற்றவர்கள் ஒதுக்கிய பையன். மேலும் இரண்டு பருவம் ஜூனியர் அணியிலேயே ஆடவிட்டார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங் ஜோடிப் பிரிவில் 1984இல் உலகப் பட்டம் வென்ற பார்பரா அண்டர்ஹில் பாய்ண்டின் ஸ்கேட்டிங்கைச் சீர்செய்தார். பிளேடின் எந்த விளிம்பில் எடை விழுகிறது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தும் பொறுமையான வேலை அது.

டாம்பாவும் 2008இல் ஸ்டாம்கோஸை முதலாவதாக எடுத்த அணிதானே என்பீர்கள். உண்மை. ஆனால் 2020 பிளேஆஃபில் காயத்தால் அவர் ஆடியது ஒரே ஆட்டம், மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அந்த ஆண்டு டாம்பா வென்ற கோப்பைக்கான ஓட்டத்தில் அதிக கோல் அடித்தவர் பாய்ண்ட்; அதிக புள்ளி எடுத்தவர், 2011இல் 58ஆவதாக வந்த குச்செரோவ்.