21-ந் தேதி விரித்த பாய் 22-ந் தேதி எங்கே போகிறது?

ஜூன் மாதம் 21-ந் தேதி. விடிந்தும் விடியாத நேரம்.

மைதானம் நிறையப் பாய்கள். பாய்க்கு ஓர் ஆள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், போலீஸ்காரர்கள், ஆபீஸ் ஊழியர்கள், மந்திரிகள்! ஒலிபெருக்கியில் ஒருவர் சொல்லச் சொல்ல, எல்லோரும் கையைத் தூக்குகிறார்கள்; குனிகிறார்கள்; நிமிர்கிறார்கள். படம் எடுக்கிறார்கள்.

மறுநாள் 22-ந் தேதி. மைதானம் காலி. பாய் பீரோவின் மேலே!

இந்த ஒரு தேதிக்கு மட்டும் வந்த வியாதி அல்ல இது. ஜனவரி முதல் தேதி எடுத்த உறுதி பொங்கலோடு போகிறது. டாக்டர் மிரட்டியதும் தொடங்கிய நடைப்பயிற்சி, அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் கொஞ்சம் இறங்கியதும் நின்றுவிடுகிறது. தொடங்காதவர்களைவிட, தொடங்கி விட்டுவிட்டவர்களே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

விழா பெரிது

ஐ.நா. சபையில் 2014-ம் ஆண்டு செப்டம்பரில் பிரதமர் மோடி இந்த யோசனையைச் சொன்னார். டிசம்பர் 11-ந் தேதி தீர்மானம் நிறைவேறியது. 177 நாடுகள் கூட்டாக அதை ஆதரித்துக் கொண்டுவந்தன. பூமியின் வடபாதியில் பகல் மிக நீண்டிருக்கும் நாள் என்பதால் ஜூன் 21 தேர்ந்தெடுக்கப்பட்டது.

முதல் விழா 2015-ல் டெல்லி ராஜபாதையில் நடந்தது. (கர்த்தவ்ய பாதை என்று 2022-ல் பெயர் மாறியது அந்த வீதிதான்.) 35,985 பேர் ஒரே இடத்தில் ஆசனம் செய்தார்கள். கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறியது.

சாதனைதான். ஆனால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரைக்குக் கின்னஸ் தெரியாது!

வியாதி அதைவிடப் பெரிது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. அதன் முடிவு 2023-ல் வெளியானது.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். வியாதியின் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 31 கோடியே 50 லட்சம் பேர்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் வேறொரு கணக்கை வெளியிட்டார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. இந்தியாவில் வயது வந்தவர்களில் அந்த அளவை எட்டாதவர்கள் 2000-ம் ஆண்டில் 100-க்கு 22 பேர். 2010-ல் 34 பேர். 2022-ல் 49 பேர்!

இதற்கிடையே எட்டு யோகா தினங்கள் வந்து போயின. விழாவினால்தான் எண்ணிக்கை ஏறியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். விழாவினால் அது இறங்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

தினமும் ஏன்?

சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதை எடுத்துச் செலவழிப்பதில் பெரும் பங்கு தசைகளுக்கு உண்டு. தசை வேலை செய்யும்போது சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. வேலை முடிந்த பிறகும் கொஞ்ச காலம் இன்சுலினின் பேச்சை நன்றாகக் கேட்கிறது.

அந்தக் கீழ்ப்படிதல் எத்தனை காலம்? ஒரு நாள், இரண்டு நாள். அவ்வளவுதான். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி! தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடக்கூடாது என்று சர்க்கரை வியாதிக்காரர்களிடம் டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு, மற்ற ஆறு நாளும் குளிக்காமல் இருக்க முடியுமா? முடியாது. உடம்பு அசைவதும் அப்படித்தான்.

விடாமல் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெளிநாட்டுச் சாட்சி தேவையில்லை. சென்னை ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வே இருக்கிறது. வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரைப் பல பிரிவாக்கி ஏறக்குறைய மூன்று ஆண்டு கவனித்தார்கள். பொதுவான யோசனையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. தினம் அரை மணி நேர நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சொல்லி, விடாமல் நினைவூட்டப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய இதே பலன்தான்!

அங்கே பலன் தந்தது ஆசனம் அல்ல, நடை. யோகாசனம் ஒன்றே போதும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆசனம் உடம்பை வளையவைக்கும், முதுகு வலியைக் கொஞ்சம் குறைக்கும், மூச்சை நிதானப்படுத்தும். வேகமான நடையையும் அதோடு சேர்த்துக்கொள்வதே சரி.

எதனால் விட்டுப்போகிறது?

"எல்லாம் சோம்பல்" என்று சொல்லிவிடுவது சுலபம். அது பாதி உண்மைகூட அல்ல.

முதல் காரணம், ஆரம்ப ஜோர். முதல் நாளே ஒரு மணி நேரம். 24 சூரிய நமஸ்காரம். மூன்றாம் நாள் தொடை வலிக்கிறது. நான்காம் நாள் வீட்டுக்கு விருந்தாளி. ஐந்தாம் நாள், "அதுதான் விட்டுப்போச்சே!" என்ற பேச்சு. ஒரு நாள் தவறியது வியாதி அல்ல. தவறிவிட்டோமே என்ற வெட்கம்தான் வியாதி.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு வெளியானது 2009-ல். புதிய காரியம் ஒன்று தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 200 நாளுக்கு மேலும் ஆகும். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை என்றும் தெரிந்தது.

தமிழ்நாட்டில் மருந்துக்கும் விரதத்துக்கும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் என்பது பழைய கணக்கு. லண்டன்காரர்கள் இன்னும் 18 நாள் கூட்டியிருக்கிறார்கள்!

விட்டுப்போகும் சங்கதி பதஞ்சலிக்கும் தெரிந்திருந்தது. யோக சூத்திரத்தில் அவர் ஒன்பது தடைகளைச் சொல்கிறார். முதலில் நிற்பது வியாதி. நடுவில் சோம்பல். கடைசியில் நிற்பது, எட்டிய நிலையில் நிலைக்க முடியாமல் நழுவுவது.

வீட்டில் யாருக்கு நேரம்?

அவர் சொல்லாத தடை ஒன்றும் உண்டு. அது அடுப்பங்கரையில் இருக்கிறது.

மேலே சொன்ன 2022-ம் ஆண்டுக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், போதிய அசைவு இல்லாத ஆண்கள் 100-க்கு 42. பெண்கள் 57!

"நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறாளே, அவளுக்கு எதற்குத் தனியாக யோகா?" என்று கேட்கிற வீடுகள் உண்டு. அந்தக் கணக்கில் வீட்டு வேலையும் சேர்ந்திருக்கிறது. அதைச் சேர்த்தும் 57. அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் போய் மிக்சியும் கிரைண்டரும் வந்தன. அவை போனதற்கு யாரும் அழ வேண்டாம். பெண்கள் பட்ட பாடு போதும். ஆனால் உடம்பை அசைக்கும் வேலை குறைந்ததே தவிர, வேலை நேரம் குறையவில்லை. நின்ற இடத்திலேயே நின்று செய்யும் வேலை கால் வலியைத் தரும்; மூச்சு வாங்க வைக்காது.

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரக் கணக்கெடுப்பு சொல்கிறது: வீட்டு வேலை செய்யும் பெண்கள் தினமும் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். வீட்டு வேலையில் கைகொடுக்கும் ஆண்களோ 88 நிமிடம். கைகொடுக்காத ஆண்கள் இந்தச் சராசரியில் வரவே இல்லை!

இந்த 289 நிமிடத்தை மறந்துவிட்டு, "தினமும் யோகா செய்யுங்கள்" என்று வீட்டுப் பெண்களுக்குப் புத்தி சொல்வது வீண் வேலை.

அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. நல்ல காரியம். அந்தப் பாதைக்கு வந்து சேரும் தெருவில் விளக்கு எரிய வேண்டும், நாய்த் தொல்லை இருக்கக்கூடாது. பெண்கள் விடியற்காலையில் வெளியே வருவதும் வராததும் அதைப் பொறுத்தது. பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்கிக்கொள்ளும் வழக்கமும் நிற்க வேண்டும்.

மறுபடி தொடங்குவது எப்படி?

விட்ட இடத்திலிருந்து தொடங்கக்கூடாது. அதற்கும் கீழேயிருந்து தொடங்க வேண்டும். பத்து நிமிடம் போதும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை உலக சுகாதார நிறுவனம் 2020-ல் எடுத்துவிட்டது. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

தினமும் தவறாமல் செய்யும் வேலை ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுவது நல்லது. பல் தேய்த்ததும் பாய்; அப்புறம்தான் காபி. தாடாசனம், புஜங்காசனம், பவனமுக்தாசனம், கடைசியில் சவாசனம். ரத்தக் கொதிப்போ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் சிரசாசனம் பக்கம் போகவேண்டாம். கர்ப்பிணிகளும் மூட்டு வலிக்காரர்களும் டாக்டரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.

காபியிலும் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. வேளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு நான்கு வேளை என்றால் எட்டு ஸ்பூன். ஏறக்குறைய 35 கிராம். நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. பாதி ஸ்பூனாகக் குறைத்தாலும் நாக்கு சில வாரத்தில் பழகிவிடும்.

வீட்டில் மற்றவர்கள் செய்யவேண்டியது இன்னும் சுலபம். காலையில் பாலைக் கணவன் காய்ச்சட்டும். டிபன் டப்பாவைப் பிள்ளைகள் எடுத்துவைக்கட்டும். அம்மா பாயை விரித்திருக்கும் அந்த இருபது நிமிடமும் "என் சீப்பு எங்கே?" என்று யாரும் குரல் கொடுக்க வேண்டாம்.