கலகக்காரனுக்கு வைத்தியச் சீட்டா?

மண்டபத்துக் கரையில் வாழ்கிறவர்களுக்கு இராமாயணம் ஏட்டுக் கதை அல்ல, காலடி மண். மேற்கே திருப்புல்லாணியில்தான் இராமன் புல்லில் படுத்துக் கடலிடம் வழி கேட்டான் என்பார்கள். சேதுக்கரையில் அணை கட்டத் தொடங்கினான் என்பார்கள். கல் சுமந்த வானரங்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடைத்தது. அது இருக்கட்டும். இன்று நாம் பேச வந்தது அக்கரையில் எதிர்த்து நின்றவனைப் பற்றி.

இராவணனுக்குப் பத்துத் தலை. பத்தும் பத்துத் துர்க்குணங்கள் என்று உபன்யாசகர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். காமம், குரோதம், அகங்காரம் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். இப்போது படித்த கனவான்கள் சிலர் அந்தப் பழைய பஞ்சாங்கத்துக்குப் புது அட்டை போட்டிருக்கிறார்கள். 'பாவம்' என்ற சொல் போய் 'மனச்சிக்கல்' வந்திருக்கிறது. புராணமோ காவியமோ நாடகமோ, அதில் எதிர்த்து நிற்பவன் எவனானாலும் கட்டிலில் படுக்க வைத்து, "இவனுக்கு உள்ளே என்ன கோளாறு?" என்று கேட்கிறார்கள். "இவனுக்கு யார் என்ன செய்தார்கள்?" என்று கேட்பதில்லை.

படித்தவர்களின் சண்டை, ஆலைத் தொழிலாளிக்கும் வயற்கூலிக்கும் இதில் என்ன என்று கேட்பீர்கள். பொறுங்கள், தோழர்களே.

ஷேக்ஸ்பியர் 1611-ஐ ஒட்டி 'டெம்பெஸ்ட்' என்றொரு நாடகம் எழுதினார். புயல் என்று பொருள். பிராஸ்பரோ என்ற மிலான் நகரத்துப் பிரபு, பதவி பறிபோய், மந்திர நூல்களோடு ஒரு தீவில் ஒதுங்குகிறான். அங்கே முன்பே இருந்தவன் காலிபன். நல்ல தண்ணீர்ச் சுனை எது, விளையும் பூமி எது, உவர் எது என்று வந்தவனுக்குக் காட்டிக் கொடுத்தவன் அவன்தான். பிறகு அவனையே பாறையில் அடைத்து, விறகு சுமக்க வைத்து, சுணங்கினால் மந்திரத்தால் உடம்பெல்லாம் குத்தலும் இசிவும் உண்டாக்குகிறான் பிரபு. அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறாள் மகள். இவனை விட்டால் நமக்கு அடுப்பு மூட்ட, விறகு கொண்டுவர ஆள் கிடையாது என்று ஒப்புக்கொள்கிறான் தகப்பன். முதலாளி வாயிலிருந்து இவ்வளவு பச்சையான உண்மை அபூர்வமாகத்தான் வரும்.

இந்தக் காலிபனை வைத்தியம் பார்க்க வந்தவர் ஆக்டேவ் மன்னோனி என்ற பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த மடகாஸ்கர் தீவில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர். 1947-ல் அந்தத் தீவு மக்கள் எழுந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளம் பல்லாயிரம் பேரைப் பலி கொண்டு அடக்கியது. 1950-ல் மன்னோனியின் மனோதத்துவ நூல் வெளிவந்தது. 1956-ல் அது ஆங்கிலத்தில் வந்தபோது தலைப்பே 'பிராஸ்பரோவும் காலிபனும்' என்றிருந்தது. அவர் கண்டுபிடித்தது என்ன? அந்த ஜனங்கள் தகப்பனை அண்டியிருக்கும் குழந்தைபோல எஜமானரை அண்டியிருக்கும் மனம் கொண்டவர்களாம். பிடி தளர்ந்ததும், கைவிடப்பட்டோம் என்று மிரண்டார்களாம். அந்த மிரட்சியே கலகமாம்! இதற்குச் சாட்சி காலிபன்: அவன் சுரண்டலைப் பற்றிக் குறை சொல்லவில்லை, தன்னை ஏமாற்றிவிட்டதைப் பற்றித்தான் குறை சொல்கிறான் என்கிறார் மன்னோனி.

நாடகத்தைத் திறந்து பார்த்தால் வேறு சங்கதி இருக்கிறது. காலிபன் மேடைக்கு வந்து வாய்விட்டுத் திட்டுகிறான். எஜமான் மிரட்டுகிறான். உடனே அவன் சொல்வது, நான் சாப்பிட வேண்டும் என்பது. அதை அடுத்து, இந்தத் தீவு என் தாய்வழியில் எனக்கு வந்தது, நீ பறித்துக்கொண்டாய் என்பது. அதற்குப் பிறகுதான், ஆரம்பத்தில் நீ தடவிக் கொடுத்தாயே என்ற பேச்சு வருகிறது. முதலில் சோறு, பிறகு நிலம், அப்புறம் மனக்குறை. மன்னோனி மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டார். கூலி உயர்வும் பஞ்சப்படியும் கேட்டு மகஜர் கொடுக்கிறோம். கடைசியில், மேஸ்திரிகள் மரியாதையாகப் பேச வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. நிர்வாகம் அந்த ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு, "ஐயோ பாவம், இவர்களுக்குப் பாசம் போதவில்லை" என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது இந்த விஞ்ஞானம்.

தீவு தாய்வழி வந்தது என்ற பேச்சு மண்டபத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மூச்சைப் பிடித்து மூழ்கிக் கடற்பாசி எடுக்கிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மாரும் அந்தத் தொழில்தான் செய்தார்கள். 1986-ல் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அன்று முதல் அவர்கள் அத்துமீறி நுழைகிறவர்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். ஆனாலும் எதிர்த்துப் பேசினால், "விழிப்புணர்வு போதாது" என்று சொல்லிவிடுவது எளிது. வாழ்வுரிமைப் பிரச்னை ஒரு நொடியில் புத்திப் பிரச்னை ஆகிவிடுகிறது!

இந்த வித்தையை மன்னோனி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1851-ல் அமெரிக்காவின் லூசியானாவில் கார்ட்ரைட் என்ற டாக்டர், அடிமைகள் எஜமானரை விட்டு ஓடுவது ஒரு மனநோய் என்று எழுதினார். 'டிராப்டோமேனியா' என்று கிரேக்கத்தில் பெயரும் சூட்டினார். அவர் எழுதிய மருந்துகளில் சவுக்கடியும் ஒன்று. நம் கரையிலும் இதன் நிழல் விழுந்ததுண்டு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து ரயிலும் கப்பலும் இணைந்த பிறகு, தேயிலைத் தோட்டக் கூலிகளை இலங்கை சர்க்கார் மண்டபம் முகாமில் நிறுத்தி, உடம்பைப் பரிசோதித்துக் கப்பலேற்றியது. அக்கரையில் கடனைச் சொல்லும் 'துண்டு'ச் சீட்டு 1921-ல் ஒழியும் வரை ஆளைக் கட்டிப் போட்டிருந்தது. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது சிறைக் குற்றம். துரையே தாய், துரையே தகப்பன் என்று போதனை வேறு. ஆகவே ஓடியவன் கூலி போதாமல் ஓடியவன் அல்ல, நன்றி கெட்ட பிள்ளை!

இராவணனுக்கு வருவோம். வங்கக் கவி மைக்கேல் மதுசூதன் தத்தர், 1848 முதல் 1856 வரை நம் சென்னையில் பள்ளி ஆசிரியராகவும் பத்திரிகைக்காரராகவும் காலம் தள்ளியவர். 1861-ல் 'மேகநாத வத காவியம்' எழுதினார். அதில் வீரன் இந்திரஜித். ஆயுதமின்றிப் பூஜையில் இருந்தவனை லட்சுமணன் கொல்கிறான். இராவணன் மகனை இழந்த மாமன்னன். இந்தக் காவியத்தை மனோதத்துவ வழியில் ஆராய்ந்தவர் ஆஷிஸ் நந்தி. 1983-ல் வந்த அவர் நூலில் இருக்கிறது. மதுசூதனரின் இராவணன் வெள்ளைக்காரனின் ஆண்மையையும் உலக ஆசையையும் ரசித்த மனத்தில் பிறந்தவன் என்கிறார். அடித்தவனைப் போலவே ஆக விரும்பும் அடிமை மனம் என்கிறார்.

நந்தியை மன்னோனியோடு சேர்த்துக் கட்ட மாட்டோம். அவர் ஆதிக்கத்தை எதிர்த்து எழுதியவர். கல்கத்தாக் கனவான்களின் இங்கிலீஷ் மோகம் பற்றி அவர் சொல்வதில் உண்மையும் உண்டு. ஆனால் எதிர்ப்பாளனைப் பாடுகிற ஆசை வெள்ளைக்காரன் கப்பலில் வந்திறங்கிய சரக்கா? அவன் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கம்பன் இராவணனுக்குக் கொடுத்த கம்பீரம் எந்த மிலேச்சனைப் பார்த்து வந்தது? புலவர் குழந்தை 1946-ல் 'இராவண காவியம்' வெளியிட்டார். 1948-ல் சென்னை சர்க்கார் அதற்குத் தடை போட்டது. 1971-ல்தான் தடை நீங்கியது. வெறும் தாழ்வு மனப்பான்மைக்கா 23 வருஷத் தடை? நோய் என்றால் டாக்டரை அனுப்பியிருப்பார்கள். சட்டத்தை அனுப்பினார்கள் என்றால், அதிலே இருந்தது அரசியல் என்று அவர்களுக்கே தெரியும்.

நாம் இராவண பக்தர்கள் அல்ல. அவன் ராஜா, பொன் வேய்ந்த இலங்கையில் யார் உழைப்பில் பொன் வேய்ந்தார்கள் என்று கேட்க வேண்டியவர்கள் நாம். ஒரு பெண்ணைத் தூக்கி வந்தான்; அக்கிரமம். காலிபனும் பிரபுவின் மகளிடம் முறைகேடாக நடக்க முயன்றவன். அந்தக் குற்றத்துக்குக் குற்றம் என்று பெயர் உண்டு, நோய் என்று சொல்லி மழுப்ப வேண்டாம். அதே சமயம் அந்தக் குற்றத்தைக் காட்டித் தீவைப் பறித்த கணக்கைத் தீர்த்துவிடவும் முடியாது.

மனம் என்று ஒன்றில்லை என்றும் நாம் சாதிக்கவில்லை. ராத்திரி ஷிப்டு பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டவனுக்கும், கடன்காரன் வாசலில் நிற்கப் பூச்சிமருந்தைத் தேடுகிறவனுக்கும் வைத்தியம் வேண்டும். நல்ல வைத்தியமாக, இலவசமாக வேண்டும். மன்னோனிக்கு 1950-லேயே பதிலடி கொடுத்தவர் மார்த்தினிக் தீவின் கவி எய்மே செசேர். அன்று அவர் கம்யூனிஸ்ட் பிரதிநிதி. 1969-ல் அதே நாடகத்தைத் திருப்பி எழுதிக் காலிபனை விடுதலை கேட்கும் கறுப்பு அடிமையாக நிறுத்தினார். 1952-ல் பதில் எழுதிய பிரான்ஸ் ஃபனான் தாமே மனநோய் டாக்டர். அல்ஜீரியாவில் பிளிடா ஆஸ்பத்திரியில் 1953 முதல் நோயாளிகளைப் பார்த்தார். அங்கே ஆதிக்க ஏற்பாடே மனிதனைப் பேதலிக்கச் செய்கிறது, இதற்குள் உட்கார்ந்து குணப்படுத்த முடியாது என்று கண்டு 1956-ல் ராஜினாமாச் செய்தார். மனோதத்துவம் படித்தவர் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கு அவர் இருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெறிந்தது, கோயில் நின்றது. விபீஷணன் அங்கேதான் சரண் புகுந்தான் என்பது ஐதீகம். சீதையை விட்டுவிடு என்று அண்ணனிடம் அவன் சொன்னது நியாயமே. கும்பகர்ணனும் அதையே சொன்னான். சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு களத்தில் நின்று செத்தான். விபீஷணனோ கடல் தாண்டி வந்து, அண்ணன் உயிரோடு இருக்கையிலேயே அந்த ராஜ்யத்துக்கு முடி சூட்டிக்கொண்டான். இவனுடைய மனத்தைக் கட்டிலில் கிடத்திப் பார்க்க எந்த மேதாவி அவசரப்பட்டார்? ஆலை வாசலில் கேட் மீட்டிங் நடக்கும்போது பின்வாசல் வழியாக உள்ளே போகிற கருங்காலிக்கு மனக்கோளாறு என்று எந்த மானேஜராவது இதுவரை சீட்டு எழுதியதுண்டா?