கிடாரம் வாங்குமுன்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்து அன்னதான மண்டபத்துக்கு 'அமுதசுரபி' என்பது பெயர். மணிமேகலை கையேந்திய அப்பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. விலை கொடுத்து வாங்கியதுமன்று. நம் தீவுகளில் சமையல் தொழில் தொடங்கும் இளைஞருக்கு அத்தகைய பாத்திரம் வாய்ப்பதில்லை. அன்னையின் நகையை அடகு வைத்த பணமே சிலருக்கு முதலாகிறது. ஆதலின், எதை வாங்காதிருப்பது என்பதே முதற்கேள்வி என்போம்.

நாள்தோறும் உழைக்கும் பொருளையே வாங்க வேண்டும். 50 பேருக்குச் சோறாக்கும் பானை, தாச்சி, திருவலை, நல்ல அடுப்பு ஆகியவை அன்றாடம் வருவாய் தருவன. 500 பேருக்கான கிடாரமோ திருவிழாவும் கலியாண மாதங்களும் கழிந்தபின் மூலையில் உறங்கும், வட்டி உறங்காது. அத்தகையவற்றை வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை.

பழைய பாத்திரம் மலிவுதான்; ஆயினும் பார்த்து வாங்க வேண்டும். பித்தளையில் ஈயப்பூச்சுத் தேய்ந்திருந்தால் புளிக்குழம்பு களிம்பேறி நஞ்சாகும். எனவே, ஈயம் பூசும் கூலியையும் விலையோடு கூட்டிக்கொள்க. உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். அடுப்பின் கால்களைத் தட்டிப் பார்த்தே பணம் கொடுக்க. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கொண்டு செல்வோர், குறிகட்டுவான் துறையில் படகேற்றும் கூலியையும் மறத்தலாகாது.

சிறு பானையின் இலாபம் நாளை பெரிய கிடாரத்தை வாங்கித் தரும். அடகு நகை அதற்கு முன்னரே வீடு திரும்பட்டும். விரலுக்குத் தக்க வீக்கமன்றோ அழகு?