மலைப் பிள்ளைகளும் சதவிகிதக் கணக்கும்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியானதும், எந்த ஜில்லா முந்திற்று, எது பிந்திற்று என்ற பேச்சே எங்கும் கேட்கிறது. மாணவருக்கு ராங்க் அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் சர்க்கார் கைவிட்டது நல்ல காரியம். ஜில்லாக்களுக்கு வரிசை போடும் மோகமோ ஒழிந்தபாடில்லை.

2025-ல் தமிழ்நாடு முழுமைக்கும் தேறியவர் நூற்றுக்கு 93.80. சந்தோஷமே. ஆயினும் திண்டுக்கல் ஜில்லாவில் பழனி, ஒட்டன்சத்திரம் முதலிய சமவெளி ஊர்களும் உண்டு. பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி முதலிய மலைக் கிராமங்களும் உண்டு. இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தால், தொகையில் சிறிய கொடைக்கானல் தாலுகாவின் நிலைமை வெளியே தெரியுமா?

மேலும், இக்கணக்கு பரீட்சை எழுதியவர்களை மட்டுமே எண்ணுகிறது. எட்டாம் வகுப்போடு பூண்டு வயலுக்கோ காப்பித் தோட்டத்துக்கோ போய்விட்ட சிறுவன் தேறியவனும் அல்லன், தவறியவனும் அல்லன். அவன் கணக்கிலேயே இல்லை. சதவிகிதம் ஒன்றே கல்விக்கு அளவுகோல் ஆகாதென்பதற்கு 2020-ஆம் வருஷமே சாட்சி. தொற்றுநோயால் பரீட்சை நடவாமலே அனைவரும் தேறினர்!

நாம் கேட்பது பெரிதன்று. முடிவுகளைத் தாலுகாவாரியாகப் பிரசுரிக்கட்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தோரில் எத்தனை பேர் பத்தில் தேறினர் என்றும் சொல்லட்டும். மாணவர் ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்துப் பதிவு வைத்திருக்கும் சர்க்காருக்கு இது அசாத்தியமன்று. தலைமையாசிரியரை மிரட்டுவதற்காக அன்று. உபாத்தியாயரும் விடுதியும் பஸ்ஸும் எங்கே தேவை என்று அறிவதற்காகவே கேட்கிறோம். சர்க்கார் வாளாவிருந்தால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் ஜனங்கள் கையில் இருக்கிறது. பொதுஜன ஊழியர்கள் அதை உபயோகிப்பார்களாக.