கக்கன் என்றால் ஆஸ்பத்திரிக் கதை மட்டும்தானா?

மேலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அரசியல் பேச்சு சூடேறினால், கடைசியில் யாராவது சொல்லிவிடுவார்: "கக்கன் மாதிரி வருமாண்ணே? மந்திரியா இருந்த மனுசன், தர்மாஸ்பத்திரியில கெடந்தாரு." கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

கதை பொய்யில்லை. மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் கிடந்தவரை முதல்வர் எம்.ஜி.ஆர். பார்த்துப் பதறி உதவினார். 1981 டிசம்பரில் கக்கன் காலமானார். ஆனால் கடைசிக்கால வறுமை அவர் செய்த சாதனையல்ல. பத்தாண்டு மந்திரியாக உழைத்தவரை அந்த நிலையில் விட்டது நம் குற்றம். நம் குற்றத்தையே அவருக்குப் பாராட்டாகச் சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

"சூதுவாது தெரியாத அப்பாவி" என்பார்கள். மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் கிராமக் கோயில் பூசாரியின் மகன் அவர். பெரிய கோயிலுக்குள் அவர் சாதிக்கு அனுமதியில்லை. 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போன சிலரில் கக்கனும் ஒருவர். அந்தச் சில அடிகளை நினைத்துப் பாருங்கள். வாசலைத் தாண்டினால் அடி விழுமா, ஊரில் வீடு மிஞ்சுமா என்று எதுவும் நிச்சயமில்லை. பிறகு பட்டர்கள் சிலர் பூசை செய்யவே மறுத்தார்கள். ஆபத்து தெரிந்தே உள்ளே போனவரை அப்பாவி என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"காமராஜர் தயவில் வந்தவர்" என்பது அடுத்த பேச்சு. காமராஜர் முதல்வரானது 1954இல். அதற்கு முன்பே கக்கன் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்துவிட்டார். 1952இல் மதுரையிலிருந்து மக்களவைக்கும் போய்விட்டார். 1963இல் காமராஜர் பதவி விலகியபின் உள்துறையைக் கக்கனிடம் கொடுத்தவர் அடுத்த முதல்வர் பக்தவத்சலம். இதில் தயவு எங்கே வந்தது?

மக்களவைக்கும் உள்துறைக்கும் நடுவில் அவரிடம் இருந்தது பொதுப்பணித்துறை. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டபோது அந்தத் துறைக்கு அமைச்சர் கக்கன்தான். அந்த அணைத் தண்ணீரை நம்பித்தான், கால்வாயில் கள்ளந்திரிக்குக் கீழே இருக்கும் எங்கள் மேலூர்ப் பக்கத்துக்கு ஒருபோகம். அணை மட்டம் முழு அளவான 71 அடிக்கு இன்னும் எவ்வளவு குறைவு என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் மேலூர் விவசாயி நாற்று பாவுவதா வேண்டாமா என்று யோசிப்பார். கடைமடையில் மண்வெட்டியோடு நிற்கும் அவருக்கு ஆஸ்பத்திரிக் கதை மனப்பாடம். அணைக்கும் கக்கனுக்கும் உள்ள தொடர்பை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"நல்லவர், அதனால்தான் 1967இல் தோற்றார்" என்பதையும் நான் ஏற்கவில்லை. காமராஜரே விருதுநகரில் தோற்ற தேர்தல் அது. அரிசித் தட்டுப்பாடு ஒரு பக்கம், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் ஆறாத காயம் மறுபக்கம். அந்தப் போராட்டத்தில் மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது உள்துறை அமைச்சர் கக்கன். அவரை நேசிக்கும் எனக்கும் இதை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் அவரை வெறும் நல்ல மனிதராக்கும்போது அவரிடம் அதிகாரம் இருந்தது என்பதையே மறைத்துவிடுகிறோம். அதிகாரம் இருந்தது. 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போன தும்பைப்பட்டிக்காரரின் கீழ்தான் 1965இல் மாநிலத்தின் மொத்தக் காவல்துறையும் இருந்தது.